பூன்ச்கியும் நோன்புக் கஞ்சியும்: ஹாம்ட்ராமிக் பயணக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

மார்ச்சில் குளிர் விட்டுவிடும் என்று மாமா சொன்னதை நம்பி மெல்லிய ஸ்வெட்டரோடு வந்து இறங்கினேன். விமான நிலையக் கதவு திறந்ததும் காதுமடல் எரிந்தது. அக்கா காரிலேயே ஒரு பழைய ஜாக்கெட் வைத்திருந்தாள். "உங்க மாமா பேச்சைக் கேட்டு எத்தனை பேர் நடுங்கியிருக்காங்க தெரியுமா?" என்றாள்.

அவர்கள் வீடு டிராயில். டெட்ராய்ட்டுக்கு வடக்கே உள்ள வசதியான புறநகர். கார் உதிரிபாகக் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள், ஆறு வழிச் சாலைகள், நடைபாதையில் ஒரு ஆள் கிடையாது. மாமா கார் இருக்கை செய்யும் கம்பெனியில் பொறியாளர். கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துப் பல வருடம் ஆகிறது. இந்தியர்களுக்கான வரிசை நகரவே இல்லை. இரவு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டார்கள். அமெரிக்கா வந்துவிட்டோம் என்ற எண்ணமே வரவில்லை.

"நாளைக்கு எங்கடா போகணும்?"

"ஹாம்ட்ராமிக்."

"அங்க என்ன இருக்கு? அரை மணி நேரத்துல போயிடலாம், ஆனா நாங்க ஒரு தடவைகூடப் போனதில்ல."

நான் செங்கல்பட்டுப் பக்கத்து ஆள். சென்னையை 'ஆசியாவின் டெட்ராய்ட்' என்று பத்திரிகைகள் எழுதிய காலத்தையும் பார்த்தேன். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியதையும் பார்த்தேன். ஆலை போன பிறகு ஒரு ஊர் என்ன ஆகும் என்ற கேள்வி அப்போதிருந்தே உண்டு. டெட்ராய்ட்டின் கதை எல்லோருக்கும் தெரியும்: 1950இல் பதினெட்டரை லட்சம் பேர் இருந்த நகரம், 2020 கணக்கெடுப்பில் 6,39,111. அந்த டெட்ராய்ட்டின் வயிற்றுக்குள்ளேயே, ஏறக்குறைய எல்லாப் பக்கமும் அதனால் சூழப்பட்டு, இரண்டு சதுர மைல் மட்டுமே உள்ள தனி நகராட்சிதான் ஹாம்ட்ராமிக். அங்கே மட்டும் 2010க்கும் 2020க்கும் இடையில் மக்கள்தொகை 22,423லிருந்து 28,433 ஆகக் கூடியிருக்கிறது. அங்கிருந்த பெரிய கார் ஆலையான டாட்ஜ் மெயின் 1980இலேயே மூடிவிட்டது. பிறகு யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள், வந்து எப்படி நகராட்சியையே கையில் எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்கத்தான் ஆசை.

தேதியும் வசமாக அமைந்தது. நாளை போலந்துக்காரர்களின் 'பூன்ச்கி' நாள். ரமலான் நோன்பு சனிக்கிழமையே தொடங்கிவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பஸ் வரவில்லை. அட்டவணைப்படி வரவேண்டிய ஒன்றும், அதற்கு அடுத்ததும். நிறுத்தத்தில் என்னோடு நின்ற ஒரே ஆள் ஒரு பெரியவர். "வந்தால் வரும்" என்று சொல்லிவிட்டு அவர் நடக்க ஆரம்பித்தார். கார் நகரம் என்றால் கார் இல்லாதவனை இப்படித்தான் வைத்திருக்கும் போலிருக்கிறது. கடைசியில் செயலியில் டாக்சி போட்டு, முப்பத்தெட்டு டாலர் தண்டம்.

ஜோசப் கேம்போ தெருதான் ஊரின் கடைத்தெரு. பேக்கரி வாசலில் வரிசை அடுத்த தெரு முனையைத் தாண்டியிருந்தது. பூன்ச்கி என்பது மாவைப் பொரித்து, உள்ளே கொடிமுந்திரி ஜாமோ ரோஜாக் கனி ஜாமோ வைத்த கனமான பண்டம். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்குமுன் வீட்டில் இருக்கும் கொழுப்பு, சர்க்கரை, முட்டை எல்லாவற்றையும் தீர்க்க வந்த பழக்கம். போலந்தில் இதை வியாழக்கிழமை சாப்பிடுவார்களாம். இங்கே செவ்வாய்க்கு மாறிவிட்டது.

வரிசையில் எனக்கு முன்னால் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. பிறந்தது இந்த ஊர், இப்போது இருப்பது ஸ்டெர்லிங் ஹைட்ஸ் என்ற புறநகர். அப்பாவும் இரண்டு மாமன்களும் டாட்ஜ் மெயின் ஆலையில் வேலை பார்த்தவர்கள். 1910இல் இந்த ஊரில் 3,559 பேர்தான். அந்த வருடம் டாட்ஜ் சகோதரர்கள் ஆலையைத் தொடங்கினார்கள். 1920இல் 48,615 பேர். வந்தவர்களில் பெரும்பாலோர் போலந்துக்காரர்கள். தேவாலயம், பள்ளி, மதுக்கடை, இறுதிச் சடங்குக் கூடம் எல்லாம் அவர்களுடையது. 1922இல் நகராட்சியான நாளிலிருந்து ஒரு நூற்றாண்டு மேயர் நாற்காலியும் அவர்களுடையதுதான். "போப்பாண்டவர் 1987இல் இங்கே வந்தார், நான் கூட்டத்தில் நின்றேன்" என்றார். பழைய வீட்டில் இப்போது யேமன் குடும்பம் இருக்கிறதாம். "வாசல் திண்ணைக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். அந்த 'தான்' எந்தப் பக்கம் சாய்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கவுன்டரில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பெண் ஹிஜாப் அணிந்திருந்தாள். விடிவதற்கு முன்பிருந்து நிற்கிறாளாம். நோன்பு. வரிசையில் வந்த பாதிப் பேர் "பாவம்மா, வாசனையே கொல்லுமே" என்ற ரீதியில் ஏதோ சொல்ல, அவள் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. ஒரு டஜன் இருபத்திரண்டு டாலர். தெருவில் நின்றே முதல் பூன்ச்கியைக் கடித்தேன். கடித்த இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாக ஜாம் பீறிட்டு அக்காவின் ஜாக்கெட்டில் விழுந்தது. பக்கத்தில் நின்ற பையன் "முதல் தடவையா?" என்று கேட்டு ஒரு கத்தை டிஷ்யூ பேப்பர் கொடுத்தான்.

மதியம் சாப்பாட்டுக்கு அலைந்தேன். யேமன் உணவகங்கள் எல்லாம் கதவு சாத்தியிருந்தன, மாலையில்தான் திறக்குமாம். மதுக்கடைகள் மட்டும் நிரம்பி வழிந்தன; புறநகரிலிருந்து வந்த இளைஞர்கள் பூன்ச்கி தொப்பி போட்டுக்கொண்டு பகல் ஒரு மணிக்கே பாட்டுப் பாடினார்கள். பெட்டியிலிருந்து இன்னும் இரண்டைத் தின்று சமாளித்தேன். அப்புறம் இரவு வரை இனிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நடந்தால் ஊரைச் சுற்றிவிடலாம். முப்பதடி அகல மனைகளில் வீடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. புனித ஃபுளோரியன் தேவாலயத்தின் கோபுரம் எங்கிருந்தும் தெரிகிறது. கொல்லைகளில் கம்பும் கயிறுமாக வெறும் பந்தல்கள். கோடையில் வங்கதேசத்துக்காரர்கள் சுரைக்காயும் அவரையும் ஏற்றுவார்கள்.

ஜோசப் கேம்போ தெருவிலேயே கொடிக்கம்பங்களும் இருக்கின்றன. ஊரில் வாழும் மக்களின் நாட்டுக் கொடிகளுக்காக வைத்தவை. 2023 ஜூனில், முழுக்க முஸ்லிம்களே இருந்த நகராட்சி மன்றம் ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டது: நாட்டுக் கொடி, மாநிலக் கொடி, நகரக் கொடி, போர்க்கைதிகள் நினைவுக் கொடி, குடியேறிய நாடுகளின் கொடி தவிர வேறு எதுவும் நகராட்சிக் கம்பத்தில் ஏறக்கூடாது. குறி எதன் மீது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. பால்புதுமையினரின் வானவில் கொடி. முன்பு முஸ்லிம்களுக்காகக் குரல் கொடுத்த வெள்ளைக்கார முற்போக்காளர்கள் பலர் இதைத் துரோகமாக உணர்ந்தார்கள். சிறுபான்மை ஒன்று அதிகாரத்துக்கு வந்தால் இன்னொரு சிறுபான்மையைத் தாங்கிப் பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது நம் ஊரிலும் உண்டு. எனக்கு அந்தத் தீர்மானம் பிடிக்கவில்லை. ஆனால் இதில் அதிர்ச்சி அடைந்தவர்கள், வந்தவர்களை வாக்காளர்களாகப் பார்க்காமல் விருந்தாளிகளாகவே பார்த்துவந்தார்கள் என்றுதான் தோன்றுகிறது.

மாலை ஆறு மணிக்கு ஒரு யேமன் உணவகத்தில் இடம் பிடித்தேன். எல்லா மேசையிலும் ஆட்கள், யாரும் சாப்பிடவில்லை. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனைப் பார்க்கிறார்கள். எதிரே மதுக்கடை வாசலில் அக்கார்டியன் வாசிப்பு. ஆறு இருபது தாண்டியதும் ஒலிபெருக்கியில் பாங்கு. அக்கார்டியன்காரர் நிறுத்தவில்லை, பாங்கும் நிற்கவில்லை, இரண்டும் அதது பாட்டுக்கு ஓடின. பக்கத்து மேசையில் ஆலைச் சீருடையில் இருந்த நால்வர் எனக்கும் பேரீச்சம்பழமும் சமோசா போன்ற சம்புசாவும் நகர்த்தினார்கள். நோன்பு இல்லை என்றேன். "பசி இருக்கிறதா இல்லையா?" என்றார் ஒருவர். கஞ்சி போன்ற ஒரு சூப், அப்புறம் கல்சட்டியில் கொதித்துக்கொண்டே வந்த ஆட்டுக்கறி, மேசையகலத்துக்கு ஒரு ரொட்டி. பதினெட்டு டாலருக்கு இரண்டு பேர் சாப்பிடலாம். அந்த நால்வரும் வெளியே போய்த் தொழுதுவிட்டு, திரும்பி வந்து ஆறிய சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள்.

மார்ச் 5, புதன்

நாள் முழுக்க மழை. கோனன்ட் அவென்யூவுக்குப் போனேன். பங்ளாடவுன் என்கிறார்கள். புடவைக்கடை, மீன்கடை, பயணச்சீட்டு ஏஜென்ட், வக்கீல் விளம்பரம், எல்லாம் வங்காள எழுத்தில். ஒரு இனிப்புக்கடையில் மாலை நோன்பு திறப்புக்கான பொட்டலங்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெங்காயப் பக்கோடா, கத்தரிக்காய் பஜ்ஜி, கொண்டைக்கடலை, ஜிலேபி. பக்கோடா வாசனைக்கு நான் பாஸ்போர்ட் கேட்கமாட்டேன், உள்ளே போய்விட்டேன்.

கல்லாவில் இருந்தவர் "இந்தியாவில் எங்கே?" என்றார். சென்னைப் பக்கம் என்றேன். முகம் மாறிவிட்டது. "வேலூர்!" என்றார். அம்மாவின் இதய அறுவைச் சிகிச்சைக்காக சிஎம்சிக்கு வந்து ஒன்றரை மாதம் தங்கியவராம். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்து லாட்ஜ்கள், வங்காள மொழியில் பெயர்ப்பலகை வைத்த மெஸ்கள், தமிழில் 'எவ்ளோ', 'போதும்' எல்லாம் சொல்லிக்காட்டினார். அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும். போன ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்ததிலிருந்து இந்திய விசா கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். டெட்ராய்ட்டில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் வேலூரின் தெருக்களைப் பேசிக்கொண்டிருப்பேன் என்று நினைக்கவேயில்லை. தேநீருக்குக் காசு வாங்கவில்லை. அவர் குடிக்கவும் இல்லை.

ஊர் சில்ஹெட். முதலில் நியூயார்க்கில் டாக்சி ஓட்டியிருக்கிறார். 90களில் நியூயார்க்கின் குவீன்ஸிலிருந்து பல வங்கதேசக் குடும்பங்கள் இங்கே பெயர்ந்தன. காரணம் எளிது: அங்கே ஒரு அறைக்குக் கொடுத்த வாடகைக்கு இங்கே வீட்டுத் தவணையே கட்டலாம், உதிரிபாக ஆலைகளில் ஆங்கிலம் தெரியாதவருக்கும் வேலை. போலந்துக் குடும்பங்கள் காலிசெய்த வீடுகள் மலிவாகக் கிடந்தன. "வீடு வாங்கின அடுத்த வருஷமே கவுன்சில் வேட்பாளர் வந்து கதவைத் தட்டினார். நியூயார்க்கில் என் கதவை வீட்டுக்காரர் மட்டும்தான் தட்டுவார்" என்றார்.

வாக்குரிமை எளிதாக வந்துவிடவில்லை. 1999 தேர்தலில் ஒரு குழு வாக்குச்சாவடியில் நின்று, தோற்றத்திலோ பெயரிலோ அரபு, முஸ்லிம் என்று பட்டவர்களைத் தடுத்து, குடியுரிமையை நிரூபிக்கச் சொன்னது. தேர்தல் அதிகாரிகளும் அவர்களைச் சத்தியம் செய்யவைத்தார்கள். மத்திய அரசின் நீதித்துறை வழக்குப் போட்டு, 2000இல் நகராட்சி இறங்கிவந்தது. 2004இல் அடுத்த சண்டை, பாங்கை ஒலிபெருக்கியில் சொல்லலாமா என்று. அதைக் கேட்டது வங்கதேசத்தவர்களின் பள்ளிவாசல். மன்றம் அனுமதித்தது; எதிர்த்தவர்கள் பொதுவாக்கெடுப்புக்கு இழுத்தார்கள்; சிறிய வித்தியாசத்தில் பாங்கு ஜெயித்தது. தேவாலய மணி காலை ஆறு மணிக்கு அடிக்கிறதே என்று வாதிட்டவர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு. 2011இல் வாக்குச்சீட்டு வங்காளத்திலும் வரவேண்டும் என்று மத்திய அரசு முடிவெடுத்தது. 2015இல் அமெரிக்காவிலேயே முதன்முறையாக முஸ்லிம் பெரும்பான்மை கொண்ட நகராட்சி மன்றம். 2021இல் முழுக்க முஸ்லிம் மன்றம், யேமனில் பிறந்த அமீர் காலிப் மேயர்.

இரவு இதை அக்கா வீட்டில் சொன்னபோது மாமா அமைதியாகக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார். அதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். யேமன்காரரும் வங்கதேசத்தவரும் பெரும்பாலும் உறவினர் மூலமோ விசா லாட்டரியிலோ வந்தவர்கள். இறங்கும்போதே கிரீன் கார்டு கையில். ஐந்து வருடத்தில் குடியுரிமை, ஓட்டு. மாமா மாதிரி எச்1பி வேலை விசா ஆட்கள் சம்பளத்தில் பல மடங்கு மேலே, ஆனால் ஓட்டு இல்லை. "நான் டிசைன் பண்ற சீட்டை லைன்ல மாட்டறவர் மேயரைத் தேர்ந்தெடுக்கிறார். நான் எங்க வீட்டுக் குப்பை வண்டி வரலைன்னா மெயில் அனுப்பறேன், அவ்வளவுதான்."

மார்ச் 6, வியாழன்

டியர்பார்ன். அக்கா லீவு போட்டுவிட்டு வண்டி ஓட்டினாள். ஜாக்கெட் கறையைப் பற்றி வழியெல்லாம் பேச்சு.

இது ஃபோர்டின் ஊர். ரூஷ் ஆலையில் ஒரு காலத்தில் ஒரு லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். இப்போதும் லாரிகள் செய்கிறார்கள், ஆட்கள் அதில் ஒரு சிறு பங்கு. ஆலைச் சுவரை ஒட்டிய சௌத்எண்ட் பகுதியில் டிக்ஸ் அவென்யூ. ஒரு பக்கம் புகைபோக்கி, மறுபக்கம் 1930களில் தொடங்கிய பள்ளிவாசல். காற்றில் ஏதோ உலோக வாடை, அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டாள். 70களில் நகராட்சி இந்தக் குடியிருப்பையே இடித்துத் தொழிற்பேட்டை ஆக்கப் பார்த்தது, மக்கள் நீதிமன்றம் போய் நிறுத்தினார்கள். அந்தக் காலத்து மேயர் ஆர்வில் ஹப்பர்ட் 1942 முதல் 1978 வரை ஆண்டவர். கறுப்பர்களை ஊருக்குள் விடாததையே சாதனையாகச் சொல்லிக்கொண்டவர். 1985இல் மேயர் பதவிக்கு நின்ற ஒருவர் 'அரபுப் பிரச்சினை' என்று பிரசுரம் அடித்தே ஜெயித்தார். இன்றைய மேயர் அப்துல்லா ஹம்மூத், இதே ஊரில் லெபனான் பெற்றோருக்குப் பிறந்தவர்.

அரபு அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு அதிலிருந்த பெட்டிகள்தான் நினைவில் நிற்கின்றன. வந்தவர்கள் கொண்டுவந்த டிரங்குப் பெட்டி, தையல் மெஷின், சமையல் பாத்திரம். அக்கா ஒரு பித்தளைக் காபி அரைவையின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

மாலையில் ஒரு லெபனான் பேக்கரியில் பக்லவா. வரிசையில் நின்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு அரசியல் பேசினார்கள். இந்த ஊர் 2020இல் பைடனுக்கு அள்ளிக் கொடுத்தது. காசா போர் தொடங்கிய பிறகு, 2024 பிப்ரவரியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் மிச்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 'யாருக்கும் இல்லை' என்று குத்தினார்கள். அந்த இயக்கத்தின் நெஞ்சு டியர்பார்ன். நவம்பரில் இங்கே டிரம்ப் முதலிடம், சுமார் 42 சதவீதம். கமலா ஹாரிஸ் 36. "நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?" என்று ஒருவரைக் கேட்டேன். "என் மனைவி மூன்றாவது கட்சிக்கு, மகன் போடவே இல்லை, நான் சொல்லமாட்டேன்" என்றார். பிறகு எனக்கு முன்னால் போகச் சொல்லி வழிவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி

டெட்ராய்ட் நகருக்குள். கலைக்கூடத்தில் டியகோ ரிவேராவின் சுவரோவியங்களைப் பார்த்தேன், ரூஷ் ஆலையின் இயந்திரங்களும் ஆட்களும் சுவர் முழுக்க. 1932-33இல் வரைந்தது. பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் ஓவியத்தில் நாய் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது டாக்சி ஓட்டியவர் ஆலையில் ஓய்வுபெற்ற கறுப்பினப் பெரியவர். நான் ஹாம்ட்ராமிக் புகழ் பாடியதைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டார். பிறகு, "இந்த நகரத்தில் முக்கால்வாசிக்கு மேல் நாங்கள். 1955 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் எங்களில் ஒருவராவது இருந்தார். இப்போது யார் இருக்கிறார் தெரியுமா?" என்றார். தெரியும். 2022இல் ஜெயித்த ஸ்ரீ தானேதார், கர்நாடகத்தின் பெலகாவிப் பக்கத்து மராட்டியர். "நல்ல மனிதராகவே இருக்கட்டும். வந்தவர்கள் எல்லோரும் எங்கள் தோளைத் தாண்டித்தான் ஏறுகிறார்கள். 1981இல் கார் ஆலைக்காக, போலந்துக்காரர் பகுதி என்று பெயர்பெற்ற போல்டவுனை இடித்தபோது தேவாலயத்தைக் காப்பாற்றப் பாட்டிகள் உள்ளே உட்கார்ந்தது தொலைக்காட்சியில் வந்தது. அங்கே எங்கள் ஆட்களும் பாதிப் பேர் இருந்தார்கள், அது யாருக்கும் ஞாபகமில்லை." இறங்கும்போது நான் கொடுத்த டிப்ஸை எண்ணிப் பார்த்துவிட்டு நன்றி சொன்னார்.

மாலை மீண்டும் கோனன்ட். வேலூர்க்காரர் (இனி அவரை அப்படித்தான் சொல்வேன்) பக்கோடாவைத் தட்டில் வைத்து நீட்டும்போது கடையே போனில் மூழ்கியிருந்தது. மேயர் காலிப்பைக் குவைத் தூதராக நியமிக்கப்போவதாக டிரம்ப் அறிவித்துவிட்டாராம். போன செப்டம்பரில் டிரம்பை ஆதரித்தவர் காலிப். 2017இல் யேமன்காரர்களுக்கு நாட்டின் கதவை அடைத்த அதே டிரம்பை. கடையில் இருந்த ஒரு யேமன் இளைஞர் பெருமையில் மிதந்தார். "பதினேழு வயதில் வந்து பிளாஸ்டிக் ஆலையில் கார் பாகம் செய்தவர், இப்போது தூதர்!" வேலூர்க்காரருக்கு வேறு கணக்கு. "அப்போ நவம்பரில் மேயர் நாற்காலி காலி. போலந்துக்காரர்கள் உட்கார்ந்தார்கள், யேமன் உட்கார்ந்தாயிற்று. இனி எங்கள் முறை." இளைஞர் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கிற சிரிப்பு இல்லை. குப்பைக் கட்டணம், தண்ணீர்க் குழாயில் ஈயம், யார் மச்சானுக்கு எந்த வேலை என்று வாக்குவாதம் சூடேறி, பாங்கு கேட்டதும் இருவரும் ஒரே தட்டில் கைவைத்தார்கள்.

மார்ச் 8, சனி

காலையில் அக்கா மகளின் தமிழ்ப் பள்ளி. வாடகைக்கு எடுத்த அமெரிக்கப் பள்ளியின் வகுப்பறைகளில் 'அணில், ஆடு'. வெளியே பெற்றோர்கள் ஃபிளாஸ்க் காபியோடு நின்றார்கள். எங்கெல்லாம் போனாய் என்று கேட்டார்கள், சொன்னேன். பதினைந்து வருடம் இங்கே இருப்பவர்கள், கூட்டத்தில் இரண்டு பேர்தான் ஹாம்ட்ராமிக் பார்த்திருந்தார்கள். அதில் ஒருவர் சப்ளையர் ஆலைத் தணிக்கைக்குப் போனவர். இன்னொருவர் குடியுரிமை வாங்கியவர். பள்ளிக்கல்விக் குழுவுக்கு நிற்கலாமா என்று யோசிக்கிறார். "நம்ம ஆளுங்க நாலு ஊர்ல பரவிக் கிடக்கோம் சார். எந்த ஊர்லயும் கவுன்சிலரை ஜெயிக்க வைக்கிற அளவுக்கு இல்ல. பொங்கல் விழாவுக்கு மட்டும் கூட்டம் வரும்" என்றார்.

வேலூர்க்காரரின் பக்கோடாவையும் கல்சட்டிக் கறியையும் விவரித்ததில் நாலைந்து பேருக்கு நாக்கு ஊறிவிட்டது. அங்கேயே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, அடுத்த சனிக்கிழமை நோன்பு திறக்கும் நேரத்துக்குப் போவதாக முடிவு. நான் விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் குழுவில் முப்பது செய்திகள். முதல் கேள்வி: அங்க பார்க்கிங் இருக்கா?